மவுசைப் பிடுங்காதீர்கள்!

எங்கள் குடியிருப்பில், 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று எனக்கு ஒரு கேலிப் பெயர் உண்டு. பெரிய படிப்பெல்லாம் இல்லை. கல்யாணத்துக்கு முன், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். மகன் காலேஜில் படித்தபோது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து மற்றதைக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான்.

என்னைக் கூப்பிடுவது, பெரும்பாலும் என்னைவிட மூத்த பெண்கள். 'பாஸ்வேர்டு தப்புன்னே வருது' என்பார்கள். பார்த்தால், கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து கொண்டிருக்கும். 'அடிச்சதெல்லாம் காணாம போச்சு' என்பார்கள். கன்ட்ரோலையும், இசட்டையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும். ஒருவர், திரையை மட்டும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் ஓட விட்டிருந்தார்! நான் மவுசை வாங்கி, நாலு கிளிக்கில் சரிசெய்து, காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். மறுவாரம், அதே வீட்டிலிருந்து, அதே பிரச்னைக்குப் போன் வரும். 'உச்' கொட்டிக்கொண்டே போவேன்.

கீழ் வீட்டு அம்மாவுக்கு, 68 வயது, தனியாக இருக்கிறார். மகன் விட்டுச் சென்ற கம்ப்யூட்டரில், பேத்தியுடன் வீடியோவில் பேசுவார்; பாங்க் கணக்கும் பார்ப்பார். ஒருநாள் சமையல் குறிப்பு தேடியபோது, திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, அலறல் சத்தம். 'வைரஸ் வந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை. அவரும் பேசிவிட்டார். அங்கிருந்தவன், ஏதோ ஒரு சாப்ட்வேரை இறக்க வைத்து, பாங்க் பக்கத்தையும் திறக்கச் சொல்லியிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து, முருங்கைக்கீரை கொடுக்க நான் போனேன். அம்மாவின் கை மடியில் இருந்தது. திரையில் அம்பு மட்டும் தானாக நகர்ந்து கொண்டிருந்தது! ஓடிப்போய், சுவர் ஸ்விட்சையே அணைத்தேன். பாங்க்குக்குப் போன் செய்து, நெட் பாங்கிங்கை முடக்கச் சொன்னோம். நல்லவேளை, பணம் போகவில்லை.

'என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமேம்மா' என்றேன்.

'போன வாரம்தானே ரெண்டு தடவை கூப்பிட்டேன். மகன்கிட்ட கேட்டா, எத்தனை தடவை சொல்றதுன்னு எரிஞ்சு விழறான். நீயும் 'உச்' கொட்டினே. அவன் நிதானமா, மரியாதையா பேசினாம்மா...' என்றார்.

எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. திருடன் காட்டிய பொறுமையை நான் காட்டவில்லையே!

இப்போதெல்லாம், மவுசை நான் தொடுவதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். கை பரபரக்கும், அது வேறு விஷயம். 'திரையில என்ன எழுதியிருக்கு, அப்படியே படிங்க' என்பேன். போல்டர் என்று சொல்லாமல், 'மஞ்சள் பெட்டி' என்பேன். செய்ததை, அவர்கள் கையாலேயே நோட்டில் எழுத வைக்கிறேன். அஞ்சு நிமிஷ வேலைக்கு, அரை மணி ஆகிறது. ஆனால், மறுவாரம் அதற்குப் போன் வருவதில்லை.

உங்கள் அம்மாவோ, மாமியாரோ கேட்டால், அலுத்துக்கொள்ளாமல், இதையும் சொல்லி வையுங்கள், தோழிகளே... தங்கள் எச்சரிக்கைகளில் போன் நம்பரே இருக்காது என்று, மைக்ரோசாப்ட் நிறுவனமே சொல்கிறது. சிவப்புத் திரை வந்தால், எஸ்கேப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். முடியாவிட்டால், கம்ப்யூட்டரையே அணைத்துவிடலாம். பணம் போய்விட்டால், திட்டுவதைத் தள்ளிவைத்து, உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான், பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு.

போன வாரம், கீழ் வீட்டு அம்மாவே போன் செய்தார். 'அந்தச் சிவப்பு திரும்ப வந்துச்சும்மா. நோட்டைப் பார்த்து மூடிட்டேன்' என்றவர், பேத்தி போட்டோவைப் பிரின்ட் எடுப்பது எப்படி என்று கேட்டார். இன்று சாயங்காலம் போக வேண்டும்.

— ஒரு வாசகி, திருச்சி.