எரிந்த வீட்டுக்கு விலை எழுதுவது யார்?

தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், எண்பது ஆண்டுகளாக மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30 அன்று நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தனர். இப்படி ஒரு உரிமையைக் கேட்கும் ஒவ்வொரு சேரியிலும் உயிர்ப் பயத்தோடு இன்னொரு பயமும் உண்டு. பெட்டிக்கடை என்ன ஆகும், கரும்பு என்ன ஆகும், தவணை கட்டி முடிக்காத வண்டி என்ன ஆகும்?

அது வீண் பயம் அல்ல. பக்கத்து மாவட்டமான தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் ஒரு சாக்கு. எரிந்தவை பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கட்டிய வீடுகள். பீரோ, பைக், பிள்ளைகளின் சான்றிதழ். 1995-இல் கொடியங்குளத்தில் போலீசாரே உடைத்ததும் இதே போன்ற பொருள்களைத்தான். நாம் தலை நிமிர்ந்ததன் அடையாளம் எதுவோ, அதன் மேல்தான் முதல் அடி விழுகிறது. இதைப் 'பொருட்சேதம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

ஸ்டேஷனிலும் அப்படித்தான் முடிக்கப் பார்ப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் சாதாரண சேதத்துக்கு ஆறு மாதம் வரை தண்டனை. இழப்பு 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு ஆண்டு, ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து ஆண்டு வரை. ஆகவே புகாரில் "வீட்டை அடித்து நொறுக்கினார்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. டிவி, கிரைண்டர், கதவு, ஓடு என ஒவ்வொன்றையும் விலையோடு எழுத வேண்டும். ஒதுக்குவதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும்.

தீ வைத்திருந்தால் வழக்கே வேறு. தலித் ஒருவர் குடியிருக்கும் வீடு அழியும் என்று தெரிந்தே தலித் அல்லாதவர் தீ வைத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(iv)-இன்படி ஆயுள் தண்டனை. பயிரை அழித்தால் 3(1)(g). அம்பேத்கர் சிலையைச் சேதப்படுத்தினால் 3(1)(t). விசாரணை அதிகாரி டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். எரிந்த வீட்டை அரசு செலவில் கட்டித்தரவும் விதி உண்டு. சரியான பிரிவு எஃப்.ஐ.ஆரில் ஏறாவிட்டால் இவை எதுவும் நம் வாசலுக்கு வராது.

இனி மாணவர்களுக்கு. ஆத்திரத்தில் பஸ் கண்ணாடியை உடைக்கும் தம்பி மேல் பாய்வது தமிழ்நாடு சொத்து (சேதம் மற்றும் இழப்பு தடுப்பு) சட்டம், 1992. நூறு ரூபாய் சேதமே போதும்; குறைந்தது ஓராண்டு சிறை. அரசு வேலைக் கனவு அங்கேயே சிக்கிக்கொள்ளும். உடைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் உடைக்காதவன் பெயரும் பட்டியலில் ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவு கூட நின்றவனையும் இழுத்துவிடும்.

அப்போது எதிர்வாதம் எங்கே நிற்கும்? வேண்டுமென்றோ, சேதம் வரும் என்று தெரிந்தோ செய்தால்தான் இது குற்றம். தள்ளுமுள்ளில் தற்செயலாக உடைந்தது குற்றமாகாது. யார் உடைத்தார், எவ்வளவு சேதம், கூட்டத்தின் நோக்கத்தில் இவனுக்கும் பங்கு இருந்ததா என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அன்று வேறிடத்தில் இருந்தவர் கல்லூரி வருகைப் பதிவு, பஸ் டிக்கெட், சிசிடிவி பதிவு என எது இருந்தாலும் உடனே திரட்ட வேண்டும். நாள் கடந்தால் அவை கிடைக்காது. படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. திருவண்ணாமலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். சாதிச் சான்றிதழ் நகலைக் கையோடு கொண்டு போங்கள்.