பி.எட் சேரப் போறீங்களா? பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



ஏழாயிரம்பண்ணையில் ஃபயர் ஆபீசுக்கு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவிடம், "டிகிரி முடிச்ச பொண்ணை அடுத்து என்ன படிக்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "டீச்சருக்கு" என்பார். மருந்து வாசம் தன்னோடு போகட்டும் என்ற ஆசை அது.

அந்த ஆசையைத்தான் சில புரோக்கர்கள் விலை பேசுகிறார்கள். "காலேஜுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தா போதும்" என்பார்கள். நம்பாதீங்க! 2015 முதல் பி.எட் இரண்டு வருடப் படிப்பு. பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்தும் பயிற்சிதான் அதன் உயிர். அது இல்லாத சர்டிபிகேட் வெறும் காகிதம்.

சரி, என்ன வழி இருக்கு?

✅ முதலில் அரசு கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. நமக்குப் பக்கத்தில் மதுரை, பாளையங்கோட்டை, தூத்துக்குடியில் உதவி பெறும் கல்லூரிகள் உண்டு. டிகிரியில் பொதுப் பிரிவுக்கு 50%, பி.சி. 45%, எம்.பி.சி. 43%, எஸ்.சி./எஸ்.டி. 40% மார்க் வேண்டும்.

✅ தனியார் கல்லூரி என்றால், கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு அனுமதித்திருக்கிறது என்று கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி விதி.

✅ எஸ்.சி./எஸ்.டி. மாணவர்கள், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அப்பாவோ அம்மாவோ பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அங்கேயும் கல்வி உதவி கேளுங்கள். பதியாதவர்கள் உடனே பதியுங்கள்.

✅ தொலைநிலை பி.எட் எல்லாருக்கும் கிடையாது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்கும்தான்.

ஒரு உண்மையையும் சொல்லியாகணும். பி.எட் முடிச்சதும் வேலை வீடு தேடி வராது. 6 முதல் 8 வரை பாடம் எடுக்க டெட் இரண்டாம் தாள் பாஸ் பண்ணணும். 1 முதல் 5 வரைக்கு பி.எட் செல்லாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்வி டிப்ளமோதான் வேண்டும். எந்த வகுப்புக்கு டீச்சர் ஆகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் படிப்பைத் தேர்ந்தெடுங்க.

இப்போது நம் கேள்வி. தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7. சென்னையில் 2, மற்றவை வேலூர், குமாரபாளையம், கோவை, ஒரத்தநாடு, புதுக்கோட்டை. மதுரையில் இல்லை, விருதுநகரில் இல்லை, நெல்லையில் இல்லை! தீபாவளி முடிந்து ஆலை மூடினால் கூலியும் நின்றுபோகும் குடும்பம், பிள்ளையைப் புதுக்கோட்டை ஹாஸ்டலுக்கு எப்படி அனுப்பும்?

நாட்டுக்கே வெளிச்சம் செய்து அனுப்பும் மண் இது. விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு அரசு கல்வியியல் கல்லூரி கேட்பது சலுகை அல்ல, உரிமை!

டிகிரி முடித்த பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைக் கொண்டு சேருங்கள். பகிருங்கள்!

#ஏழாயிரம்பண்ணை #விருதுநகருக்கு_அரசு_பிஎட்_கல்லூரி