இன்னும் ஓராண்டு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் எமது பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். உயர்தர வகுப்பில் எம்மிடம் கணிதம் பயின்றவர். பதினான்கு ஆண்டுகளாகக் கட்டார் நாட்டிலே கட்டட நிறுவனமொன்றிற் படவரைஞராகப் பணிபுரிபவர். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். கொண்டுவந்த பேரீச்சம்பழப் பொதியை மேசைமீது வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "சேர், ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்கிறதோ, விட்டிட்டு வாறதோ எண்டு தெரியேல்லை. நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றார்.

அவருடைய தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கிறாள். மாமியாரைப் பராமரிப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் அலைவதும் மனைவி ஒருவருடைய தலையிலேயே விழுந்திருக்கின்றன. மறுபுறம், வீடு கட்டப் பட்ட கடனில் ஒரு பங்கு இன்னும் அடைபடவில்லை.

நாம் உடனே விடை கூறவில்லை. கடல் கடந்து உழைக்கப் போதலும், எப்போது மீள்வதென்று தெரியாது தடுமாறுதலும் எம்மவர்க்குப் புதியன அல்ல. மலாயாவின் முதற் புகைவண்டிப் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்டுக்குமிடையே திறக்கப்பட்டது. அக்காலந்தொட்டு ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அங்குச் சென்றனர். பிற்காலத்திலே தந்தை செல்வா எனப் போற்றப்பட்ட செல்வநாயகம் அவர்கள் 1898இல் ஈப்போ நகரிற் பிறந்ததும் அக்குடிப்பெயர்வின் பயனே. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்று ஊர் மீண்டோரை "மலாயாப் பென்சனியர்" என்று ஊரார் அழைத்தனர்.

எமது பாட்டனாரும் அத்தகையோருள் ஒருவர். மலாயாப் புகைவண்டிப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்தவர். எம் தந்தையார் 1941இல் ஊரிலே பிறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் யப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. அதன்பின் நான்கு ஆண்டுகள் கடிதமுமில்லை, காசுமில்லை. போர் முடிந்து 1946இல் விடுப்பில் வந்தபோதுதான் பாட்டனார் தம் மகனை முதன்முறையாகக் கண்டார். ஆறு மாதத்தில் மீண்டும் கப்பலேறினார். 1960இல் ஓய்வுபெற்று நிலையாகத் திரும்பியபோது மகனுக்கு வயது பத்தொன்பது.

வந்த இரண்டாம் வாரம் நிகழ்ந்த சிறு சம்பவமொன்றை எம் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். எமது தோட்டக் கிணறு நான்கு பங்காளருக்குரியது. இன்ன நாளில் இன்னார் இறைக்கவேண்டும் என்று முறையுண்டு. ஒருநாள் விடியற்காலை பாட்டனார் மண்வெட்டியுடன் தோட்டத்துக்குச் சென்றார். அங்கு நின்ற பங்காளி மிக மரியாதையாக, "அண்ணை, இண்டைக்கு எங்கட முறை" என்றார். பாட்டனார் ஒன்றும் பேசாது வீட்டுக்குத் திரும்பி வந்து, "எங்கட முறை எப்ப?" என்று மகனிடம் கேட்டார். மகனும் விருந்தாளிக்கு வழி சொல்வதுபோல அதனை விளக்கினாராம். அந்தத் தோட்டத்தை வாங்கியது மலாயாவிலிருந்து வந்த காசு. எம் தந்தையாரைப் படிப்பித்ததும் அதே காசு. தந்தையார் இதனை மறந்தவரல்லர், ஒருபோதும் குறைகூறியதுமில்லை. எனினும் இருவருக்குமிடையே அந்த மரியாதை இறுதிவரை மாறவேயில்லை என்பார்.

இக்கதையை நாம் மாணவருக்குச் சொன்னோம். அவர் தலை குனிந்து கேட்டிருந்தார்.

மலாயாப் பென்சனியருக்கும் இன்று வளைகுடாவிலிருந்து மீள்வோருக்கும் பெரிய வேறுபாடொன்றுண்டு. முன்னவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வந்தது. பின்னவருக்கு ஒருமுறை கிடைக்கும் பணிக்கொடையே உண்டு. கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் கொடுக்கப்படல் வேண்டும். பதினான்கு ஆண்டுக்கு அது நாற்பத்திரண்டு வாரம். பத்து மாதச் சம்பளத்துக்கும் குறைவு. வாழ்நாள் முழுவதும் இருந்து உண்பதற்கு இது போதாது. ஆகவே மீள்பவர் ஊரிலும் உழைத்தேயாகவேண்டும். அதனாலேதான், "இன்னும் ஓராண்டு நின்று சேர்த்துக்கொண்டு வருவோம்" என்ற எண்ணம் எழுகிறது.

இம்மாணவரும் அவ்வாறே எண்ணி வந்தவர். முதலில் தங்கையின் கலியாணம், பின்னர் வீடு. 2020இல் வரலாமென்றிருந்தார், கொரோனாத் தொற்று வந்தது. 2022இல் வரலாமென்றிருந்தார், நாட்டின் பொருள் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவரை ஏறியது. கட்டார் றியால் டொலருடன் பிணைக்கப்பட்ட நாணயம். எனவே அவர் அனுப்பிய அதே சம்பளம் ஊரிலே பெருந்தொகையாயிற்று. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற வேளையில் எவர்தான் வேலையை விட்டு வருவார்? அவர் கூறிய காரணங்களில் ஒன்றேனும் பொய்யன்று. மெய்யான காரணங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாய் வந்து பதினான்கு ஆண்டுகளை விழுங்கிவிட்டன.

இதனால், எல்லோரும் உடனே திரும்பிவிடவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. ஒரு தொழிலையும் எண்ணிப் பாராது உணர்ச்சிவசப்பட்டு வந்தவர்கள், கைப்பணம் கரைந்ததும் முன்னைய சம்பளத்திலும் குறைந்த சம்பளத்துக்கு மீண்டும் விமானமேறியதை நாம் கண்டிருக்கிறோம். கடனை அடைக்காது வருதலும் குடும்பத்துக்கு நன்மையாகாது. ஆயின் வளைகுடா நாட்டிலே தொழில் முடிந்தால் அத்தொழிலின் பேரிற் கிடைத்த குடியிருப்பு அனுமதியும் முடிந்துவிடும். மலாயாவிலே 1957இற் சுதந்திரம் வந்தபின் அங்கேயே குடிமக்களாகித் தங்கியோர் பலர். இவருக்கு அவ்வழியில்லை. என்றோ ஒருநாள் வந்தே தீரவேண்டும். அந்த நாளை இவர் குறிப்பதா, நிறுவனம் குறிப்பதா என்பதே கேள்வி.

நாம் மாணவரிடம், "தம்பி, ஊருக்கு வந்தபின் திங்கட்கிழமை காலையில் என்ன வேலைக்குப் போவீர்?" என்று கேட்டோம். வரைபட வேலை தெரியும், ஆனால் இங்கு எவரையும் விசாரிக்கவில்லை என்றார். "வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டோம். "அவ, உங்கட விருப்பம் எண்டு சொல்லிப்போட்டா, சேர்" என்றார்.

"அது விடையன்று. பதினான்கு ஆண்டுகளாக அந்த வீட்டை நடத்துபவர் அவர். நீர் வந்தால் எதை நீர் பார்ப்பீர், எதை அவர் தொடர்ந்து பார்ப்பார் என்று இருவரும் இருந்து பேசினீரா? கணக்கை எம்மிடம் காட்டுவதற்கு முன் அவரிடம் காட்டும். மகளிடமும் கேளும்" என்று சொல்லி அனுப்பினோம். முடிவு எதனையும் நாம் கூறவில்லை. இன்னொரு வீட்டின் சுமையை எடைபோட எமக்குத் தராசில்லை.

சென்ற வாரம் டோகாவிலிருந்து தொலைபேசியிற் பேசினார். புறப்படுவதற்கு முன் மூன்று இரவுகள் மனைவியுடன் இருந்து பேசினாராம். மனைவி முதலிலே தயங்கினார்; பின்னர் உள்ளதைச் சொன்னார். தனித்து நின்று களைத்துவிட்டதாகவும், அதேவேளை தாம் இவ்வளவு காலம் எடுத்த முடிவுகளையெல்லாம் கணவர் வந்து கேள்வி கேட்பாரோ என்று அஞ்சுவதாகவும் சொன்னாராம். மகளோ, "அப்பா வந்தால் ரியூசனுக்குப் போறதுக்கு உங்களிட்டையும் கேக்கவேணுமோ?" என்றாளாம். இதைச் சொல்லும்போது மாணவர் சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறார். கடனின் மிச்சத்தை அடைக்க அது போதும். அடுத்த ஆண்டு, மகள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது, வருவதென்று நாளும் குறித்திருக்கிறார்கள். தாயாரை மருத்துவரிடம் காட்டும் பொறுப்பும், வங்கிக் கடன் பற்றிய பேச்சும் இப்போதே அவருடையவை, தூரத்திலிருந்தே செய்கிறார். யாழ்ப்பாணத்திற் படவரைஞர் இருவருடன் பேசத் தொடங்கியுமிருக்கிறார்.

இதுவும் "இன்னும் ஓராண்டு" தானே என்று வாசகர் கேட்கலாம். நாமும் அவரிடம் அதனைக் கேட்டோம். "இந்தமுறை நாளை அவதான் கலண்டரில் எழுதினவ, சேர்" என்றார். அவருடைய தாயார் அந்த நாளைக் காணவேண்டுமென்பதே எமது பிரார்த்தனை.

வெளிநாட்டில் உழைப்போரைக் கொண்ட குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் காசை மட்டும் கணக்கிலெழுதாது, வீட்டின் அன்றாடச் செய்திகளையும் அவருக்கு எழுதுங்கள். சிறு முடிவுகளிலேனும் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர்களே, தூரத்திலுள்ள தந்தையிடம் புள்ளியை மட்டும் சொல்லாது, எந்தக் கணக்குப் பிழைத்தது என்பதையும் சொல்லுங்கள். அவர் திரும்பி வரும் நாளில், கிணற்றில் தம் முறை எந்நாள் என்று எவரையும் கேளாமல் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.