புதைத்த இடமே நம் பட்டயம்!

மூணாறு பழைய சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் பின்னால் குன்றில் ஒரு கல்லறை இருக்கிறது. எலினர் இசபெல் மே என்ற வெள்ளைக்காரப் பெண்ணுடையது. தோட்டத்துத் துரை ஹென்றி நைட்டின் மனைவி. புதுப் பெண்ணாக மலையேறி வந்தவள், 1894-இல் காலராவில் போய்விட்டாள். கோயிலே அவளுக்குப் பிறகுதான், 1910-இல் எழத் தொடங்கியது. உல்லாசப் பயணம் வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். கொட்டட்டும். இருபத்து நான்கு வயதுச் சாவு யாருடையதானாலும் சாவுதான்.

நாம் கேட்பது வேறு. காலராவும் மலேரியாவும் பங்களாவோடு நின்றுவிட்டனவா? போடியிலிருந்து தலைச்சுமையோடு மலையேறி, காட்டை வெட்டித் தேயிலை நட்ட நம் பாட்டன் பாட்டிமார் எங்கே கிடக்கிறார்கள்? வழிகாட்டிக்குத் தெரியாது. சர்க்காருக்குத் தெரியாது. லயத்துக் கிழவிக்குத் தெரியும்: “ஓடைக்கு மேலே, கிராண்டிஸ் மரங்களுக்கு நடுவே.” அந்தக் கிழவியும் வேலை முடிந்ததும் லயத்தைக் காலி செய்துவிட்டு மலையிறங்க வேண்டியவள். அவளோடு அந்த அடையாளமும் இறங்கிவிடும்.

பழைய கல்லறைகளைக் காப்பாற்ற வேண்டும், அவற்றின் சரித்திரத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். நல்லது. நாம் அதற்கு எதிரியல்லர். நம் திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்குக் கோட்டையைக் காக்கிறார்கள். தெற்கே, நாகர்கோவில் போகிற வழியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் துரையின் கல்லறையைக் காக்கிறார்கள். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னனின் படைக்கே தளபதியாகி 1777-இல் இறந்தவர் அவர். அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள், குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். அதில் இரண்டு மொழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று லத்தீன். மற்றது தமிழ்! திருவிதாங்கூர் அரசு தன் பெரிய தளபதிக்குக் கல் நட்டபோது தமிழில் எழுதியது. இன்று அந்தத் திருவிதாங்கூரின் தலைநகரில் நம்மைப் பார்த்து “பாண்டி” என்கிறார்கள், நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவர்களைப் போல!

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல, தோழர்களே. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் நம் பிள்ளைகள் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் என்ன நடக்கிறது? “1950-க்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா” என்கிறார்கள். கங்காணியின் வாய்ச்சொல்லுக்குத் தோட்டம் வந்தவனிடம் என்ன பட்டயம் இருக்கும்? நிலம் அவனுடையதல்ல, லயம் அவனுடையதல்ல. ஆதாரம் கேட்கிற அதிகாரி நின்றுகொண்டிருக்கிற மலைக்குள்ளேயே அந்தத் தாத்தா புதைந்து கிடக்கிறார்! பெயரும் ஆண்டும் எழுதி ஒரு கல் அங்கே நின்றிருந்தால் பேரன் வில்லேஜ் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்பானா? வெள்ளைக்காரிக்குக் கல்லறை என்பது நினைவுச் சின்னம். நமக்கு அது குடியுரிமைச் சான்று.

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல வருவார்கள். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நூறாண்டுக்குக் குறையாத, சரித்திர முக்கியத்துவமுள்ள அடக்கத் தலமும் தொல்சின்னமே என்கிறது. சலவைக்கல் வேண்டும், சிலுவை வேண்டும், இங்கிலீஷ் எழுத்து வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? கண்ணன் தேவன் மலைகளில் 1897-இல் கம்பெனி வந்தது. 1924-இல் பெருவெள்ளம் வந்து மலை ரயிலையே அடித்துக்கொண்டு போனது. அந்தக் காலத்து நம் இடுகாடுகளுக்கு இன்று நூறு வயது தாண்டிவிட்டது.

கடல் கடந்து போன நம்மவர் கதையும் இதுதான். சயாம் மரண ரயில் பாதையில் மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளாய் இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களுக்கு வரிசை வரிசையாய் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். நம்மவருக்கு ஒரு நடுகல் வைக்க 2023 வரை ஆனது. அதையும் வல்லரசு எதுவும் வைக்கவில்லை. மலேசியத் தமிழர்கள் அலைந்து திரிந்து வைத்தார்கள்.

“வயிற்றுக்கே வழியில்லை, கல்லறைக்கு என்ன அவசரம்?” என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மீது மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். நான்கு பேர் உடல் கிடைக்கவேயில்லை. கிடைத்தவர்களில் பெரும்பாலோரை ராஜமலையில் அடக்கினார்கள். அதே ராஜமலைக்குத்தான் வரையாடு பார்க்க வண்டி வண்டியாக ஜனங்கள் வருகிறார்கள். ஆட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குழிகள் தெரியும்? இன்னும் ஐம்பது ஆண்டில் அதுவும் “ஓடைக்கு மேலே” என்று ஆகிவிட வேண்டுமா?

குறை நம்மிடமும் உண்டு. செத்த பிறகும் சாதிக்கொரு மூலை கேட்டவர்கள் நாம்தானே! எந்த மூலையில் யார் என்று எழுதி வைக்காதவர்களும் நாம்தான்.

தொல்லியல் துறையின் தலைமையகம் நம் நகரத்தில்தான் இருக்கிறது. தலைமைச் செயலகமும் இங்கேதான். தோட்டத்து இடுகாடுகளை அளந்து பட்டியல் எடுக்க வேண்டும். எல்லைக்கல் நட வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைக்க வேண்டும். எலினரின் கல்லறைக்கு வருகிறவர்களை அங்கேயும் அழைத்துப் போக வேண்டும். இந்த மனுவோடு போகப் போகிறோம். வெறுங்கையோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்புவோம். அதனால் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருக்கிறோம். இறந்தவர் பெயர், ஊர், எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்த ஆண்டு, எந்த மரத்தடி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னால் போதும். ஞாயிறு மாலைகளில் எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது.