‘சைட்டு ஓடிட்டுத்தானே இருக்குது?’

‘ஹோஸ்டிங்கை மாற்றலாம்’ என்று சொல்லும்போதெல்லாம் வெப்சைட் செய்து கொடுப்பவர்கள் எல்லோரும் கேட்டுச் சலித்த கேள்வி இது. கேட்பவர் கஞ்சர் அல்ல. கடைக்கு ஏசி போடவும் புதுப் போர்டு வைக்கவும் லட்சங்களை யோசிக்காமல் எடுத்து வைப்பவர்தான். அவை கண்ணுக்குத் தெரிகின்றன. ஹோஸ்டிங்கை அவர் பார்த்ததே இல்லை; வருடத்துக்கு ஒருமுறை வரும் ரின்யூவல் பில்தான் அவருக்குத் தெரிந்த ஹோஸ்டிங்.

இதற்கு எங்கள் தொழில்தான் முதல் காரணம். ‘டொமைன், ஹோஸ்டிங் முதல் வருடம் இலவசம்’ என்று கொட்டேஷன் போட்டுப் பழக்கியது நாங்கள். இலவசமாக வந்ததற்கு அடுத்த வருடம் ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் யார் ஒப்புவார்?

மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். பக்கத்துப் போர்ஷனில் விசேஷம் என்றால் நம் குழாயில் காற்றுதான் வரும். விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று இருக்கும்; எத்தனை கோப்புகள் வைக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்ற வரம்பெல்லாம் விதிமுறைகளின் அடியில் கிடக்கும். ஆடித் தள்ளுபடி அன்று கூட்டம் வந்து அந்த வரம்பைத் தொட்டால், சேலை பார்க்க வந்தவர் கண்ணில் படுவது 508 என்ற பிழை எண் மட்டுமே. அதே சர்வரில் இருக்கும் வேறொருவர் குப்பை மெயில் அனுப்பினாலும், ஐபி முகவரி பொது என்பதால், நம் பில் ஸ்பேமில் போய் விழலாம்.

இதையெல்லாம் விளக்கிப் பயனில்லை. சர்வர் 0.8 விநாடிக்குள் பதில் தரத் தொடங்க வேண்டும் என்று கூகுள் பரிந்துரைக்கிறது. சென்னையிலிருந்து அமெரிக்க சர்வருக்கு ஒரு தகவல் போய்த் திரும்பவே ஏறத்தாழ கால் விநாடி போய்விடும். மொபைல் தேடலில் வேகத்தையும் 2018 ஜூலை முதல் கணக்கில் எடுக்கிறார்கள். அத்தனையும் உண்மை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி தம்பி, பார்க்கலாம்” என்பார்.

இளம்பிள்ளைச் சேலை வியாபாரி ஒருவரிடம் இதில் எதையும் நான் பேசவில்லை. “அண்ணா, வைஃபையை அணைச்சுட்டு உங்க போன்ல உங்க சைட்டத் திறங்க” என்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “இப்ப எதிர்க்கடை சைட்டத் திறங்க.” உடனே வந்துவிட்டது. “ஏன் தம்பி, இத்தன நாளா இப்படித்தான் இருந்துச்சா?” என்றார். அடுத்து அவர் விலையைக் கேட்கவில்லை. “மாத்தும்போது ஆர்டர் எதுவும் தொலைஞ்சிடாதே?” என்றுதான் கேட்டார்.

வாடிக்கையாளர்களைத் தடுப்பது இந்தப் பயம்தான். அதற்குப் பதிலை எழுதியே கொடுத்துவிட வேண்டும். தளத்தின் நகலைப் புது இடத்தில் ஏற்றி ஓட்டிப் பார்ப்போம். ஆர்டர் வராத நள்ளிரவில் கடையைச் சற்று நிறுத்திவைத்து, கடைசிக் கணக்குவரை நகர்த்தியபின் டிஎன்எஸ் மாற்றுவோம். மெயில் பெட்டிகளும் சேர்ந்தே வரும். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் உயிரோடு வைத்திருப்போம். இவ்வளவுதான்.

விலை கூடினால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தே போனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பேக்கப் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

ஐந்து பக்கம் மட்டுமே உள்ள கல்யாண மண்டபத் தளத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும்; அதை அப்படியே சொல்லிவிடலாம். ஐந்து எம்பி போட்டோக்களால் தளம் திணறினால், முதலில் போட்டோக்களைச் சுருக்குங்கள். ஹோஸ்டிங் மேல் பழி போடாதீர்கள். கமிஷன் வாங்குகிறீர்களா? அதையும் சொல்லிவிடுங்கள், அவர் எப்படியும் ஊகித்திருப்பார்.

சக டிசைனர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைட் படுத்த அன்று எல்லோரும் மாற்றச் சம்மதிப்பார்கள். ஆனால் மாற்றுவதற்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. ரின்யூவலுக்கு இரண்டு மாதம் முன்பே பேச்சை எடுங்கள். அடுத்த கொட்டேஷனில் ஹோஸ்டிங்கைத் தனி வரியில், தனி விலையோடு போடுங்கள். டொமைனை மட்டும் எப்போதும் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.