தனித்தும் சேர்ந்தும்

தில்லியில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் சிரமம் இல்லை. தமிழில் ஆராதனை உண்டு, பாட்டு உண்டு, ஊர்க்காரர்களின் நலம் விசாரிப்பும் உண்டு. சிக்கல் திங்கட்கிழமை தொடங்குகிறது. அலுவலக அவசரத்தில் ஜெபம் இரண்டு நிமிடமாகச் சுருங்கி, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. வேறு சிலருக்கு நேர்மாறு. தனியே கண்மூடினால் மனம் நிறைகிறது. கூட்டத்தில் உட்கார்ந்தால் எரிச்சல் வருகிறது.

இரு சாராருக்கும் பாடமாக அமைந்தது ஒரு துறவியின் வாழ்க்கை. 1910-ல் பிரான்சில் பிறந்த ஹென்றி லெ சோ, 19 வயதில் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தார். 1948-ல் இந்தியா வந்தார். 1950-ல் ஜூல்ஸ் மோன்சானன் என்ற பாதிரியாருடன் குளித்தலை அருகே காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவி, அபிஷிக்தானந்தர் ஆனார். திருவண்ணாமலைக் குகைகளில் மௌனத்தில் ஆழ்ந்தார். 1968-ல் இமயமலை அடிவாரத்து உத்தரகாசிக்கே போய்விட்டார்.

தனிமையின் உச்சம் என்று தோன்றும். ஆனால், அந்தத் தனிமைக்கு அஸ்திவாரம் இட்டது மடத்தில் பல ஆண்டுகள் மணிக்கணக்காகச் சேர்ந்து சொன்ன சங்கீதங்கள்தான். தில்லியில் சுவிஸ் தூதராக இருந்த கூட்டா, பல சபைக் கிறிஸ்தவர்களைத் திரட்டி 1961-ல் அல்மோராவில் நடத்திய தியானக் கூட்டத்தில் அவரும் இருந்தார்.

1967-ல் அவர் எழுதிய 'பிரேயர்' என்ற சிறு நூலை வெளியிட்டது தில்லியின் ஐ.எஸ்.பி.சி.கே. பதிப்பகம். கத்தோலிக்கத் துறவியின் ஜெப நூலை அச்சிட்டது ஆங்கிலிக்கன் மரபில் வந்த நிறுவனம்! நூலின் சாரம் எளிது. கடவுளை எங்கிருந்தோ வரவழைப்பதல்ல ஜெபம். ஏற்கெனவே உடனிருப்பவரைக் கவனிப்பது. அதற்கு அவர் காட்டும் வழிகளில் ஒன்று, இறைவனின் திருநாமத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பது. நாமஜெபம் தமிழருக்குப் புதிதல்ல. மெட்ரோ நெரிசலிலும் அது முடியும்.

இன்னொரு பக்கம், சிவில் லைன்ஸ் பகுதியின் கோர்ட் லேனில் இருக்கிறது தில்லி பிரதர்ஹுட். 1877-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் மிஷனின் வாரிசு. அந்த மிஷன்தான் 1881-ல் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியை நிறுவியது. சேர்ந்து ஜெபிப்பதும் ஏழைகளுக்கு உழைப்பதும் அங்கே ஒரே வாழ்க்கை. அபிஷிக்தானந்தர் 1973-ல் மறைந்த பின் அவரது கடிதங்களைத் தொகுத்து வாழ்க்கை வரலாறாக்கியவர், இந்தப் பிரதர்ஹுட்டின் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அது 1989-ல் வெளிவந்தது.

இரண்டும் ஒன்றையொன்று காக்கின்றன. சொந்த நாவு வறண்ட நாளில் அடுத்தவர் குரல் தூக்கிச் செல்கிறது. மௌனம் பழகாதவர்களின் ஜெபக் கூட்டமோ விண்ணப்பப் பட்டியலாக முடிகிறது. எனவே தினமும் ஒரே நேரம், ஒரே இடம், பத்து நிமிடம் போதும். வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்து பார்க்கலாம். முதலில் சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் இயேசு. அடுத்த சில வசனங்களிலேயே அவர் கற்றுத்தந்த ஜெபத்தில் 'நான்' என்ற சொல்லே இல்லை. 'எங்கள்' என்பதே இருக்கிறது. சாத்திய கதவுக்குள்ளும் அடுத்த வீட்டுக்காரருக்கு இடம் விட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.