செத்தவர் வாசித்த நாயனம் ஆகாதாம்!



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் நேற்று வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும். மகனை நம் புதுக்கோட்டை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரம் படிக்கச் சேர்த்திருக்கிறானாம். கேட்டு மனம் குளிர்ந்தது. அடுத்த வாக்கியத்திலேயே கெடுத்தான். "புது நாயனம் வாங்க வட்டிக்குப் பணம் கேட்டிருக்கேன் சார்" என்கிறான்.

திருக்கோகர்ணம் பக்கம் ஒரு வித்துவான் வீட்டுப் பரணில் நல்ல நரசிங்கம்பேட்டை நாயனம் ஒன்று கிடக்கிறது. அவர் காலமாகி இரண்டு வருடம். அந்த அம்மா நியாயமான விலைக்குத் தரத் தயார். அதைச் சொன்னால், "செத்தவர் வாசிச்சது, ராசி இருக்காது சார். அதோட அடுத்தவங்க எச்சில் வேற" என்று முகம் சுளிக்கிறான்.

எச்சிலாம்! தம்பி, வாயில் படுவது சீவாளி மட்டும்தான். நாணல் தட்டையில் செய்வது. எந்த நாயனக்காரரும் அதை மாற்றிக்கொண்டேதான் இருப்பார். கெண்டையில் புதுச் சீவாளியைச் செருகு, எச்சில் போச்சு.

சரி, ராசிக்கு வருவோம். உன் புது நாயனத்தில் புதுசு என்ன இருக்கிறது? நரசிங்கம்பேட்டையில் உலவு கடைவது ஆச்சா மரத்தில். பச்சை மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் உத்தரமும் தூணும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். பல பத்தாண்டு காய்ந்த மரம்தான் வெடிக்காமல் நின்று நாதம் பேசும். அந்த வீட்டில் எத்தனை சாவு விழுந்ததோ, யார் கண்டது? 2022-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெருமைப்பட்டவன் நீதானே! செத்துப்போன அப்பா விட்டுப்போன வயலில் நீ விதைக்கவில்லையா? அதற்கு மட்டும் ராசி பார்க்கவில்லையே!

"எல்லோரும் பழசே வாங்கினால் செய்கிறவர் பிழைப்பு என்னாவது?" என்று என் மைத்துனர் கேட்பார். நியாயமான கேள்விதான். பையன் மூன்று வருடம் படித்து ஒரு மேளத்தில் சேரட்டும். பிறகு தன் சம்பாத்தியத்தில் அங்கே போய், தன் சுருதி சொல்லிச் செய்துகொள்ளட்டும். ராஜரத்தினம் பிள்ளை ரங்கநாதன் ஆசாரியிடம் பாரி நாயனம் செய்து வாங்கியது பேரும் புகழும் பெற்ற பிறகு. பாலபாடம் படிக்கும்போது அல்ல.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. உலவை வெளிச்சத்தில் பிடித்து நீளவாக்கில் கீறல் இருக்கிறதா பார். ஏழு விரல் துளைகளில் எதையாவது தோண்டிப் பெரிதாக்கியிருந்தால் வேண்டாம். கீழ்த்துளைகளில் மெழுகு இருந்தால் பயப்படாதே, அது சுருதி சேர்க்க. எத்தனை கட்டை என்பதைப் பையனின் வாத்தியாரே ஊதிப் பார்த்துச் சொல்லட்டும். பாரி நீளமானது, பிள்ளையின் விரல் எட்டவேண்டும். எட்டாவிட்டால் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டு நானே உன்னோடு நரசிங்கம்பேட்டைக்கு பஸ் ஏறுகிறேன்.

ஞாயிறு காலை அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன். பையனையும் அவன் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. வட்டிக்காரரிடம் இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே?